ஏழாம் எண் குழாய்

விசில் அக்காவை இந்தக் கட்டடம் கொன்றது.

இதைச் சொல்லிவிட்டு வணக்கம் சொல்கிறேன். வணக்கத்தை முதலில் சொன்னால் வணக்கம் மட்டும்தான் உங்கள் காதில் நிற்கும்.

மேடையில் அமர்ந்திருக்கும் மதிப்பிற்குரிய இயக்குநர் ஐயா அவர்களே, எங்கள் ஒவ்வாமை ஆய்வுத் துறையின் தலைவர் அம்மா அவர்களே, மருத்துவர்களே, செவிலியர்களே, எலிக் கூண்டு கழுவும் அண்ணன்மார்களே, முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் அக்காவின் வீட்டுக்காரரே, அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும் மகளே! நான் நான்காம் மாடியில் ரத்த மாதிரிகளைச் சோதிக்கும் உதவியாளர். எனக்கு முன்னால் ஆறு பேர் பேசினார்கள். ஆறு பேரும் ‘எதிர்பாராத மறைவு’ என்றார்கள். எதிர்பாராததா? யார் எதிர்பார்க்கவில்லை? அந்த மரணம் வருடா வருடம் எண்களாக நம் பதிவேட்டில் ஏறிக்கொண்டே வந்தது. கடைசி ஆறு வருடம் அதை எழுதியது இந்தக் கைதான்.

அந்தப் படத்தைப் பாருங்கள். அக்காவுக்கு முகமூடி இல்லாமல் இந்தக் கட்டடத்தில் ஒரு படம்கூடக் கிடைக்கவில்லை. அடையாள அட்டையிலிருந்து எடுத்துப் பெரிதாக்கியிருக்கிறார்கள். கண்கள் வெறும் புள்ளிகளாகிவிட்டன. ஆனால் கழுத்தைப் பாருங்கள். இரண்டு நரம்புகள் கயிறு மாதிரி நிற்கின்றன. படம் எடுப்பதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். இருமாமல் ஒரு படம் எடுக்க வேண்டுமே!

விசில் அக்கா. யார் வைத்த பெயர்? நாம்தான். அவர் நடந்து வந்தால் நெஞ்சிலிருந்து ஒரு மெல்லிய விசில் வரும். தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் அவர் திரும்பும்போதே இந்தக் கோடியில் நமக்குத் தெரிந்துவிடும். சிரித்தோம். அவரும் சிரித்தார். “எனக்கு முன்னாடி என் நெஞ்சு வந்து உங்களுக்கு குட்மார்னிங் சொல்லிடுதுப்பா” என்பார். நூற்றுப் பத்து பேர் வேலை செய்யும் இந்த நிறுவனத்தில், அதிலும் பாதிப்பேர் மூச்சுக்குழாயைப் பற்றிப் படித்தவர்கள் இருக்கும் இந்த நிறுவனத்தில், ஒரு நோயின் அறிகுறியைப் பெயராக வைத்து ஒரு பெண்ணைக் கூப்பிட்டோம். ஒருவருக்காவது உறைத்ததா?

வீட்டுக்காரர் ஐயா, உங்கள் மனைவி என்ன வேலை செய்தார் என்று இதுவரை யாரும் உங்களுக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

நம் மூச்சுக்குழாயின் உட்சுவரில் தூசி படுகிறது. சுவரில் உள்ள செல்கள் ‘ஆபத்து’ என்று கூப்பிடுகின்றன. அந்தக் கூப்பாட்டுக்குச் சத்தம் கிடையாது. அது மிகச் சிறிய புரதங்களாக வெளியே வருகிறது. அதைக் கேட்ட வேறு செல்கள் அடுத்த புரதங்களை அனுப்புகின்றன. அவற்றில் சிலவற்றுக்கு இன்டர்லூக்கின் என்று பெயர். நான்காம் எண் போய், அந்தத் தூசியை அடையாளம் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. ஐந்தாம் எண் எலும்பு மஜ்ஜையிலிருந்து படையை வரவழைக்கிறது. பதின்மூன்றாம் எண் சளியைச் சுரக்கவைத்து, குழாய் இறுகிக்கொள்ள வழி செய்கிறது. சாதாரண ஆளுக்குக் கூப்பாடு கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். ஒவ்வாமை ஆஸ்துமா வந்தவருக்கு அடங்குவதில்லை. ஒருமுறை அடையாளம் வைத்துவிட்டால் உடம்பு மறப்பதில்லை. அடுத்த முறை அதில் பாதித் தூசி போதும். அதற்கடுத்த முறை, அந்தக் கதவு திறந்தாலே போதும்.

இதை ஒருநாள் படிக்கட்டில் நின்று அக்காவிடம் சொன்னேன். அவர் அழுக்குக் கூண்டுகளின் அடுக்கைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “உள்ள ஒருத்தன் இல்லாத திருடனப் பாத்துக் கத்துறான். ஊரே கம்பெடுத்துட்டு ஓடி வந்து என் வீட்டையே உடைக்குது. அதானே தம்பி?”

“அதேதான்க்கா.”

“அப்ப கத்துறவன் வாயப் பொத்துறதுக்கு மருந்து கண்டுபிடிங்க. அதுவரைக்கும் நான் ஜன்னலத் தொறந்து வெச்சிக்கிறேன்.”

அவர் வேலை செய்த அறைக்கு ஜன்னல் கிடையாது.

அந்த அறையில் நானூறு எலிக் கூண்டுகள். எலிகளுக்குத் தீனி போட்டு, அழுக்குக் கூண்டுகளை மாற்றுவதுதான் அக்காவின் வேலை. ஒவ்வொரு கூண்டுக்கும் தனிக் குழாய் வழியாக வடிகட்டிய காற்று வருகிறது. நம்முடைய கிருமி எலிக்குப் போய்விடக் கூடாது அல்லவா, ஆய்வு கெட்டுவிடுமே! அதனால் கூண்டுக்குள் காற்றழுத்தம் கூடுதலாக வைக்கப்பட்டிருக்கிறது. கூண்டுக்குள் போன காற்று இடுக்கு வழியாக எங்கே வருகிறது? அறைக்குள் வருகிறது. எலியின் சிறுநீர் காய்ந்த பொடியும் முடியும் சேர்ந்து வருகிறது. அதை வெளியே இழுக்கும் குழாய் கட்டட வரைபடத்தில் புள்ளிக்கோடாக இருக்கிறது. நான் பார்த்தேன். சுவரில் இல்லை. எலி வடிகட்டிய காற்றைச் சுவாசித்தது. எலி விட்ட காற்றை அக்கா சுவாசித்தார். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, பதினோரு வருடம்!

மூச்சு முட்டுகிறது என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தார். மூன்றாவது முறை துறைத் தலைவர் அம்மா என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியும், பக்கத்தில் நின்றேன். “நம்ம டிபார்ட்மென்ட்ல ஆஸ்துமா இல்லன்னாதாம்மா ஆச்சரியம்!” என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

ஒரு சீட்டு வந்திருக்கிறது. ‘சுருக்கமாக முடிக்கவும்’ என்று எழுதியிருக்கிறது. நன்றி. சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறேன். அக்காவுக்குத்தான் எல்லாவற்றையும் சுருக்கமாக முடித்தாயிற்றே!

இப்போது ஏழாம் எண்ணுக்கு வருகிறேன்.

நோயாளியின் ரத்தத்தில் இந்தப் புரதங்கள் கூடியிருக்கின்றன என்று சொல்ல வேண்டுமானால், நோய் இல்லாதவர் ரத்தத்தோடு ஒப்பிட வேண்டும். நோய் இல்லாதவருக்கு எங்கே போவது? ஆரம்ப காலத்திலிருந்தே இங்கே ஒரு பழக்கம். ஆய்வு ஆண்டு தொடங்கும் வாரத்தில் ஊழியர்கள் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்று கையை நீட்டுவார்கள். ரத்தம் எடுக்கும் சிஸ்டர் எடுத்துவிட்டு ஆளுக்கு இரண்டு பிஸ்கட் கொடுப்பார். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். ‘நார்மல் ஒன்று’ முதல் ‘நார்மல் பன்னிரண்டு’ வரை. குழாயில் எண்ணும் தேதியும்தான் இருக்கும். பெயர் சிஸ்டரின் நோட்டில், பூட்டிய அலமாரியில் இருக்கும். சோதிப்பவனுக்குப் பெயர் தெரியக் கூடாது. நல்ல விதிதான். நான் குறை சொல்லவில்லை. ஆனால் நார்மல் ஒருநாள் நார்மலாக இல்லாமல் போனால் என்ன செய்வது, யாரிடம் சொல்வது? அதை ஒருவரும் எழுதிவைக்கவில்லை.

நான் சேர்ந்த வருடமே ஏழு எகிறியது. துறைக் கூட்டத்தில் காட்டினேன்.

“ஏழு ஏன் இப்பிடி இருக்கு?”

“தெரியல மேடம். ரெண்டு தடவ பாத்துட்டேன்.”

“டெஸ்ட் கிட் பழசா இருக்கும்.”

“புதுசுலயும் அப்படித்தான் வருது.”

“அப்ப குழாய் கெட்டுப்போயிருக்கும். ஒரு குழாயால சராசரியே ஏறுது பாரு. தூக்கிடு.”

தூக்கினேன். சிவப்பு மையால் ஒரு கோடு. அடுத்த வருடமும் ஒரு கோடு. மொத்தம் ஆறு கோடுகள். ஏழாம் எண்ணை நீக்கிய பிறகு எங்கள் வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா!

வருடத்துக்கு ஒருமுறை, ரத்தம் எடுத்த மறுவாரம், அக்கா படிக்கட்டில் என்னை நிறுத்துவார்.

“என்னப்பா, ஏழு எப்படி இருக்கு?”

“ஏழா? மோசம்க்கா. தூக்கிட்டோம்.”

“தூக்கிட்டீங்களா! நல்லாத் தூக்குனீங்க போ.”

சிரிப்பார். சிரிப்பு விசிலில் போய் முடியும். எங்கள் பேச்சைக் கேட்டுக் கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். போன வாரம்தான் ரத்தம் கொடுக்க வரிசையில் நின்ற மனுஷி அது. தன்னைப் பற்றித்தான் கேட்கிறார் என்று ஆறு வருடமும் எனக்குப் புரியவில்லை. ‘மோசம், தூக்கிட்டோம்’ என்று அவர் முகத்தைப் பார்த்தே ஆறு முறை சொன்னேன்!

அக்கா போன அன்று செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி. எலி அறைக்குள் வெளிப்பொருள் எதுவும் போகக் கூடாது. செருப்பு கூடாது, கைப்பை கூடாது, மூச்சுக்கு இழுக்கும் மருந்துக் குழலும் கூடாது. அது வெளியே பெட்டியில் இருந்தது. அந்த அறைக்கு இரண்டு கதவுகள். ஒன்று பூட்டிய பிறகுதான் மற்றது திறக்கும், நாற்பது விநாடி கழித்து. கூண்டு கழுவும் அண்ணன் வெளிக் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறார். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே சொல்கிறேன். அவர் அனுமதித்திருக்கிறார்.

“அக்கா உள்கதவுக் கண்ணாடியில கைய வெச்சிட்டு நின்னுச்சு தம்பி. சும்மா என்னையப் பாக்குதுன்னு நெனச்சேன். கைய ஆட்டுனேன். அதுவும் கையத் தூக்கி ஆட்டுச்சு. அதுக்குப் பின்னாடி பாத்தா, நானூறு கூண்டுலயும் எலிங்க எல்லாம் முன்னாடி வந்து ரெண்டு கால்ல நிக்குது. ஒண்ணுகூட அசையல. அப்பத்தான் எனக்கு ஒறச்சுது. விசில் கேக்கல.”

விசில் கேட்கவில்லை. மருத்துவர்களே, உங்களுக்குத் தெரியும். விசில் இருக்கும்வரை கொஞ்சமாவது காற்று போகிறது என்று அர்த்தம். இறுகிய நெஞ்சு திடீரென்று அமைதியானால் அது குணமில்லை. காற்றுக்கு வழியே இல்லை என்று அர்த்தம். இத்தனை வருடம் நாம் கேலி செய்த சத்தம்தான் அவர் உயிரோடு இருந்ததற்குச் சாட்சி.

எலிகள் ஏன் எழுந்து நின்றன? அதில் மாயம் ஒன்றும் இல்லை. தினமும் அந்த விசிலுக்குப் பின்னால்தான் தீனி வரும். விசில் கேட்டதும் முன்னால் வந்து நிற்கப் பழகியவை. அன்றும் விசில் நிற்பதற்கு முன்பே வந்து, தீனிக்காகக் காத்து நின்றிருக்கின்றன. அக்கா போன பிறகு வேறு ஆட்கள் தீனி போட்டார்கள். எலிகள் எழவில்லை. கதவு திறந்தாலும் மூலையில் சுருண்டு கிடந்தன. ஒரு நாள், இரண்டு நாள், மூன்று வாரம். அந்த அறையில் நானூறு கூண்டுகள் இருக்கின்றன என்றே தோன்றாது. அவ்வளவு அமைதி.

இரண்டு வாரம் கழித்துச் சிஸ்டர் என்னிடம் வந்து, நோட்டைத் திறந்து, ஏழுக்கு நேரே விரலை வைத்தார். அங்கே அக்காவின் பெயர் இருந்தது. அன்று மதிய உணவு நேரத்தில், ஆய்வகத்தில் யாரும் இல்லாதபோது, உறைபெட்டியைத் திறந்தேன். பூஜ்யத்துக்குக் கீழே எண்பது பாகை. திறந்ததும் வெள்ளைப் புகை வந்து காலில் படியும். ஏழாம் எண் பெட்டியில் வருடத்துக்கு ஒன்றாக அக்காவின் ரத்தம் இருந்தது. தேதியைக்கூடப் பார்க்காமல், அடுக்கியிருந்த வரிசையிலேயே எல்லாவற்றையும் எடுத்தேன். எங்கள் சோதனைத் தட்டில் ஒரு வரிசைக்குப் பன்னிரண்டு குழிகள். பன்னிரண்டும் நிறைந்தன.

பதின்மூன்றாம் எண் இன்டர்லூக்கினுக்கான சோதனை. குழியில் அந்தப் புரதம் இருந்தால் நீலம் வரும். கடைசியில் அமிலம் விட்டால் நீலம் மஞ்சளாகும். புரதம் அதிகமிருந்தால் மஞ்சளும் அடர்த்தியாகும். அமிலம் விட்டேன். முதல் குழி தண்ணீர் மாதிரி இருந்தது. இரண்டாவதும் அப்படித்தான். நான்காவதில் இளமஞ்சள். பிறகு படிப்படியாக ஏறி, பதினோராவது மஞ்சள் கிழங்கின் உள்பக்கம் மாதிரி நின்றது. அக்காவை அனுப்பி இரண்டு வாரம் ஆயிற்று. அவர் உடம்பு கூப்பிட்ட கூப்பாடு மட்டும் அங்கே உறைந்து கிடக்கிறது. கொஞ்சம் சூடு காட்டினால் மறுபடியும் கூப்பிடுகிறது. யாரைக் கூப்பிடுகிறது? வருவதற்கு ஒரு நெஞ்சு இல்லை, இறுகுவதற்கு ஒரு குழாய் இல்லை!

அப்போதுதான் கவனித்தேன். அவர் வேலை செய்தது பதினோரு வருடம். குழாய்கள் பன்னிரண்டு.

பன்னிரண்டாவது குழி மறுபடியும் இளமஞ்சளாக இருந்தது. நான்காவது குழியின் அதே நிறம். செத்துப்போனவர் நான்காம் வருடத்துக்குத் திரும்பியிருந்தார். குழாயை எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். ‘நார்மல் ஏழு’. தேதி, அக்கா இறந்து ஒன்பது நாள் கழித்து.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்தத் தேதியை மூன்று முறை படித்தேன்.

சிஸ்டரிடம் ஓடினேன். “சிஸ்டர், ஏழு திரும்ப ரத்தம் குடுத்திருக்கு.”

“ஆமா. நம்பர் காலியா இருந்துச்சு. புதுசா வேலைக்குச் சேர மெடிக்கலுக்கு வந்த பொண்ணுக்குக் குடுத்துட்டேன். ஏன்?”

“எந்தப் பொண்ணு?”

நோட்டைத் திருப்பினார். அடிக்கப்பட்ட பெயருக்குக் கீழே, முன்பு அவர் விரல் மறைத்திருந்த இடத்தில், புதுப் பெயர். முகவரி மாறவில்லை. அதே வீடு, அதே மாடி, அதே கதவு எண். கருணை அடிப்படையில் வேலை. அம்மா செய்த அதே வேலை.

ஒரு தட்டு ஒரு நோயைத் தீர்மானிக்காது. அது எனக்குத் தெரியும். அதனால் தட்டை விட்டுவிடுங்கள். மறுவாரம் மாதிரி எடுக்க எலி அறைக்குப் போனேன். காலை ஒன்பதரை. எல்லாம் மூலையில் சுருண்டு கிடந்தன. நான் குனிந்திருந்தேன். பின்னால் கூண்டுகளில் பரப்பிய மரத்தூள் சரசரத்தது. நிமிர்ந்து பார்த்தேன். நானூறு கூண்டுகளிலும் எலிகள் முன்னால் வந்து, இரண்டு காலில் நின்று, கதவைப் பார்த்துக்கொண்டிருந்தன.

கதவுக்கு அந்தப் பக்கம் விசில் கேட்டது.

நாற்பது விநாடி. நான் சுவரோடு ஒட்டி நின்றேன். கதவு திறந்தது. அக்காவின் கோட்டு உள்ளே வந்தது. அதற்குள் இந்தப் பெண்.

“அண்ணே, அம்மா கோட்டு எனக்குச் சரியா இருக்குல்ல? பயிற்சிக்கு வரச் சொன்னாங்க. என்ன இப்பிடிப் பாக்குறீங்க?”

“நெஞ்சுல என்ன சத்தம்மா?”

“இதுவா? சின்ன வயசுலேர்ந்தே லேசா உண்டு. அம்மா வேலை முடிஞ்சு வந்து கட்டிப்புடிச்சா தும்மிட்டே இருப்பேன். ‘என்னையப் பாத்தா ஒனக்கு அலர்ஜியாடி’ன்னு கிண்டல் பண்ணும்.”

அந்தக் கோட்டை அவர் தினமும் வீட்டுக்கு எடுத்துப்போய்த் துவைத்தார். இங்கே துவைக்க ஏற்பாடு இல்லை. மகளின் பள்ளிச் சீருடையோடு ஒரே வாளியில் ஊறியது. இந்தக் கட்டடத்தின் காற்று அந்த வீட்டுக்குப் போய், அந்தப் பிள்ளையின் நெஞ்சில் உட்கார்ந்து, அடையாளம் வைத்துவிட்டு வந்திருக்கிறது.

“வேண்டாம்மா, இந்த வேலை வேண்டாம்” என்றேன். என்ன சொன்னாள் தெரியுமா? “அப்பாவுக்குக் கண்ணு தெரிஞ்சா தையல் மெஷின்ல உக்காருவாரு. தெரியலயே. வேற வேலை தருவாங்களாண்ணே? கேட்டுச் சொல்லுங்க.”

கேட்டேன். நூலகத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. கோப்பு அறையில் ஒன்று இருக்கிறது. இரண்டுக்கும் ஜன்னல் உண்டு. ‘அனுபவம் அந்தக் குடும்பத்துக்கு எலி அறையில்தான்’ என்று பதில் வந்தது. திங்கட்கிழமை இந்தப் பெண் வேலையில் சேருகிறாள்.

எனக்கு முன்னால் பேசிய ஆறு பேரும் ஒரே வாக்கியத்தில் முடித்தார்கள்: ‘அன்னாரின் பணியை நாம் தொடர்வோம்.’ நானும் உறுதிமொழி சொல்லித்தான் முடிக்க வேண்டும். அக்கா செய்த பணி என்ன? நம்முடைய ஆய்வுக்காக மூச்சைக் கொடுத்தது. அதைத் தொடர மாட்டேன். இன்னொருவர் தொடரவும் விட மாட்டேன். சிவப்புக் கோடு போட்ட ஆறு வரிகளையும் என் கையாலேயே திரும்ப எழுதிவிட்டேன். பதிவேடு இதோ, மேடை மேலேயே வைக்கிறேன். என் வேலை போனால் போகட்டும்.

அஞ்சலிக்காக ஒரு நிமிட மௌனம் என்று நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. அதை இப்போதே கேட்கிறேன். எழுந்து நில்லுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், அண்ணே. ஒலிவாங்கியை இந்தப் பெண்ணிடம் கொடுக்கப்போவதில்லை. அவள் பேச வேண்டாம். மூச்சு விட்டால் போதும்.

கேட்கிறதா?

கடைசி வரிசை, உங்களுக்கும் கேட்கிறதா?

இயக்குநர் ஐயா, நீங்கள் என்னைப் பார்க்க வேண்டாம். முன் வரிசையைப் பாருங்கள். திங்கட்கிழமை இவளை அந்த அறைக்கு அனுப்ப மாட்டேன் என்று இத்தனை பேர் முன்னால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கண்ணாடியை அப்புறம் துடைத்துக்கொள்ளலாம். துறைத் தலைவர் அம்மா, நீங்களாவது சொல்லுங்கள்.

நிமிடம் முடிந்துவிட்டது. யாரும் உட்கார வேண்டாம்.

ஐயா, அந்த விசில் நிற்பதற்கு முன்னால் சொல்லுங்கள்.